பதினோரு பாட்டில்

அம்மாவுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது ஒரு வியாழக்கிழமை. அடுத்த புதன்கிழமை விடியற்காலையில் வலிப்பு வந்தது. நடுவில் ஐந்து நாளும் நான் பக்கத்திலேயேதான் இருந்தேன். மாத்திரை கொடுத்தேன், கால் பிடித்துவிட்டேன், சொட்டு ஒழுங்காக இறங்குகிறதா என்று ராத்திரியில் எழுந்து எழுந்து பார்த்தேன். அம்மாவுக்குத் தெம்பு வரட்டும் என்று நான் கேட்டுக் கேட்டுப் போட வைத்த பாட்டில்தான் அவரை ஐ.சி.யூ.வில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது என்பது மதுரையில் ஒரு டாக்டர் சொல்லும்வரை எனக்குத் தெரியாது. ஒரு வருஷம் ஆகிவிட்டது, இன்னமும் அந்த ஐந்து நாளை நினைத்தால் நெஞ்சை அடைக்கிறது. குளுக்கோஸ் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது, அது எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று யாராவது எனக்கு முன்னாலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 71 வயது. ஒல்லியான உடம்பு, 48 கிலோ. அப்பா போன பிறகு அருப்புக்கோட்டையில் தனியாகத்தான் இருக்கிறார். சர்க்கரை கிடையாது, பி.பி. மட்டும் உண்டு, பல வருஷமாக ஒரே மாத்திரை. தம்பி தோஹாவில் இருக்கிறான். நான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன். வியாழக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டுச் சித்தி போன் பண்ணி, "அம்மாவுக்கு காலையிலருந்து பத்துத் தடவை போயிருச்சு, ரெண்டு தடவை வாந்தி, நீ கிளம்பி வந்துரு தாயி" என்றார். ராத்திரி பஸ் ஏறி வெள்ளிக்கிழமை காலையில் வந்து சேர்ந்தேன். கண் உள்ளே போய், உதடு காய்ந்து, எழுந்து உட்கார்ந்தாலே தலை சுற்றுகிறது என்று அம்மா கட்டிலோடு கிடந்தார். ஆட்டோ பிடித்து ஊரில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஊசி போட்டு இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். இரண்டாவது பாட்டில் முடிகிற நேரத்தில் அம்மா தானாகவே எழுந்து உட்கார்ந்து, "காப்பி இருக்கா?" என்று கேட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குளுக்கோஸ் ஏற்றினால் எப்படித் தெம்பு வந்துவிடுகிறது பார் என்றுதான் நினைத்தேன்.

அந்த நினைப்பு எங்கே தப்பு என்பது பிறகுதான் புரிந்தது. வெள்ளிக்கிழமை ஏற்றிய இரண்டும் டி.என்.எஸ். என்கிற பாட்டில். குளுக்கோஸோடு உப்பும் சேர்ந்தது, 500 மில்லியில் நாலரை கிராம் உப்பு. வயிற்றால் போய்ப் போய் அம்மா இழந்திருந்தது தண்ணீரையும் உப்பையும்தான். இரண்டும் திரும்ப உள்ளே போனதும் ரத்த ஓட்டம் சரியாகி எழுந்து உட்கார்ந்தார். அன்றைக்குச் செய்த வைத்தியம் சரியான வைத்தியம், நியாயமாகச் சொல்ல வேண்டும். நான்தான் உப்புத் தண்ணீர் செய்த வேலைக்கான நன்றியைச் சர்க்கரைக்குக் கொடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை போக்கு குறைந்துவிட்டது. ஆனால் அம்மா சாப்பிடவில்லை. இட்லியைக் கண்டாலே குமட்டுகிறது என்றார். ரசஞ்சோறு இரண்டு வாய் வாங்கிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். சாப்பாடு இல்லாமல் இருக்கிறாரே என்ற பயம் எனக்கு. கிளினிக்குக்குப் போன் பண்ணி, "சாப்பிடவே மாட்டேங்கறாங்க, குளுக்கோஸாவது ஏத்துங்களேன்" என்று நான்தான் கேட்டேன். அவர்களும் மறுக்கவில்லை. முன்பு நர்ஸாக இருந்த ஓர் அக்காவை வீட்டுக்கே அனுப்புவதாகச் சொன்னார்கள். ரத்தப் பரிசோதனை எதுவும் எழுதித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த அக்கா முருகன் காலண்டர் மாட்டியிருந்த ஆணியில் பாட்டிலைத் தொங்கவிட்டு, அம்மாவின் இடது கையில் நரம்பு தேடி, மூன்றாவது குத்தில் வென்ஃப்ளான் என்கிற ஊசிக் குழாயை ஏற்றினார். ஒரு ஆம்பூலை உடைத்து உள்ளே கலந்ததும் தண்ணீர் மஞ்சளாக மாறியது. "சத்து மருந்து" என்றார். அந்த மஞ்சள் நிறத்தைப் பார்த்தபோது எனக்குக் கிடைத்த நிம்மதி இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் வலிக்கிறது. பருப்பும் நெய்யும் போட்டு ஒரு தட்டுச் சோறு ஊட்டிவிட்ட மாதிரி இருந்தது. அது வைட்டமின். வைட்டமினில் கலோரியும் கிடையாது, புரதமும் கிடையாது.

சனி இரண்டு, ஞாயிறு இரண்டு, திங்கள் இரண்டு. செவ்வாய்க்கிழமை அம்மா ரொம்பச் சோர்ந்து இருந்ததால் நானே, "இன்னிக்கு மூணா போடுங்கக்கா" என்றேன். ஒரு நாளைக்குப் பாட்டில், டியூப், ஊசி, அந்த அக்காவின் கூலி எல்லாம் சேர்த்து 900 ரூபாய். கூடவே இளநீர், பார்லித் தண்ணி, வெந்நீர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். எதிலும் உப்பு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, உப்பில் இருக்கிற சோடியம் குறைச்சல்தான். பி.பி. மாத்திரையையும் ஒரு வேளை தவறாமல் கொடுத்தேன். மருந்தை மட்டும் நிறுத்தவே கூடாது என்று அத்தனை கவனமாக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமையே அம்மா தலை வலிக்கிறது என்றார். திங்கட்கிழமை அதிகம் தூங்கினார். உடம்பு அசதி, தூங்கட்டும் என்று விட்டேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "அக்கா, எப்ப வந்த?" என்றார். பெரியம்மா இறந்து பத்து வருஷம் ஆகிறது. சித்தி, "அலுப்புல பினாத்துறாங்க, விடு" என்றார். நானும் விட்டுவிட்டேன். இதைப் படிக்கிற யாரும் அந்த இடத்தில் விடாதீர்கள். வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்த வயசானவர் ஆள் தெரியாமல் பேசினால், ஓயாமல் தூங்கினால், நடை தள்ளாடினால் அது அலுப்பு இல்லை. அன்றைக்கே ரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். எங்கள் ஊர் லேபிலேயே 350 ரூபாய்க்குப் பார்க்கிறார்கள், ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரிப்போர்ட் கையில் வந்துவிடும். அந்த 350 ரூபாயை நான் செவ்வாய்க்கிழமை செலவழித்திருக்கலாம்.

புதன்கிழமை விடியற்காலை நாலே கால் மணிக்குக் கட்டில் ஆடுகிற சத்தம் கேட்டு எழுந்தேன். அம்மாவின் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன, வாயோரம் நுரை. எத்தனை நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு நிமிஷம் இருக்கலாம். அப்புறம் அப்படியே நினைவில்லாமல் கிடந்தார். எனக்கு அப்போது 108 என்ற எண்ணே ஞாபகம் வரவில்லை. கிளினிக் வாசலில் பார்த்த தனியார் வண்டி நம்பருக்குப் போன் பண்ணி 4,000 ரூபாய் கொடுத்து மதுரைக்குக் கொண்டுபோனேன். 108-க்குப் பணம் கிடையாது, வண்டியில் உதவிக்குப் பயிற்சி பெற்ற ஆள் இருப்பார், ஆக்சிஜன் இருக்கும். பதற்றத்தில் எதுவும் தோன்றாது என்பதால் இப்போது அந்த எண்ணைச் சமையலறைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.

மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தேன். அட்வான்ஸ் 40,000 கட்டச் சொன்னார்கள். ஒரு மணி நேரத்தில் ரத்த ரிப்போர்ட் வந்தது. சோடியம் 112. இருக்க வேண்டியது 135-லிருந்து 145 வரைக்கும். பொட்டாசியமும் குறைவு. ஐ.சி.யூ. டாக்டரம்மா வெளியே வந்து என்னென்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். குளுக்கோஸ் ஏற்றினோம் என்றேன். "எல்லாமே பாட்டில்தான்மா, எந்தப் பாட்டில்? மேல என்ன எழுதியிருந்துச்சு?" என்றார். எனக்குத் தெரியவில்லை. ஐந்து நாளாக அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டு இருந்தவள் நான். எத்தனை சொட்டு விழுகிறது என்று எண்ணியிருக்கிறேன். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. கையில் ஒரு சீட்டும் இல்லை. கிளினிக்குக்குப் போன் பண்ணினால் எடுக்கவில்லை.

சித்திக்குப் போன் பண்ணினேன். கொல்லைப்புறத்தில் குப்பைச் சாக்கில், கிளினிக்கிலிருந்து கொண்டு வந்த இரண்டும் சேர்த்து, காலி பாட்டில் எல்லாம் கிடந்தது. அவர் ஒவ்வொன்றாக எடுத்துத் துவைக்கிற கல்லின்மேல் வரிசையாக, எழுத்து முன்னால் தெரிகிற மாதிரி நிறுத்திப் படம் எடுத்து அனுப்பினார். பதினோரு பாட்டில். டாக்டரம்மா என் போனை வாங்கிப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். இரண்டு டி.என்.எஸ். மீதி ஒன்பதும் டெக்ஸ்ட்ரோஸ் 5 சதவீதம், டெக்ஸ்ட்ரோஸ் என்றால் குளுக்கோஸ்தான். "இந்த ஒன்பதும் வெறும் தண்ணிம்மா" என்றார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. வெறும் தண்ணியை நரம்பில் ஏற்றுவார்களா என்று கேட்டேன்.

அவர் பொறுமையாகச் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். வெறும் தண்ணீரை அப்படியே நரம்பில் விட்டால் ரத்தத்தின் சிவப்பு அணுக்கள் ஊதி உடைந்துவிடும். அப்படி ஆகாமல் இருக்கத்தான் 5 சதவீதம் சர்க்கரை சேர்க்கிறார்கள், அந்த அளவில் ரத்தத்தின் அடர்த்திக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். உள்ளே போனதும் உடம்பு அந்தச் சர்க்கரையைச் செலவழித்துவிடும். மிஞ்சுவது தண்ணீர். அந்தத் தண்ணீரும் ரத்தக் குழாயிலேயே நிற்காது, பன்னிரண்டில் ஒரு பங்குதான் அங்கே நிற்கும், மற்றது உடம்பு முழுக்கப் பரவிவிடும். உப்புப் போட்ட ரசத்தில் இரண்டு சொம்பு தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும்? அதுதான் அம்மாவின் ரத்தத்துக்கும் ஆனது. நல்ல உடம்பாக இருந்தால் அதிகப்படித் தண்ணீரைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். வாந்தி, வலி, காய்ச்சல் என்று உடம்பு சங்கடப்படும்போது தண்ணீரை விடாதே, பிடித்து வை என்று மூளையிலிருந்து ஒரு ஹார்மோன் சிறுநீரகத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். போதாததற்கு அம்மாவின் பி.பி. மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதையாசைடு என்கிற நீர் மருந்து கலந்திருந்தது. அது உப்பைச் சிறுநீரில் வெளியேற்றுகிற மருந்து. வயசான, ஒல்லியான பெண்களுக்குச் சோடியம் குறைவதற்கு அது ஒரு முக்கியமான காரணம் என்றார். உப்பு ஒரு பக்கம் வெளியே போக, தண்ணீர் மறுபக்கம் உள்ளே வர, ரத்தம் நீர்த்துப்போய் மூளை வீங்கி, வலிப்பு வரை வந்துவிட்டது.

உங்கள் வீட்டில் யாராவது பி.பி. மாத்திரை சாப்பிட்டால் அட்டையின் பின்னால் இருக்கிற பெயரைப் படித்துப் பாருங்கள். ஹைட்ரோகுளோரோதையாசைடு, குளோர்தாலிடோன், இண்டபமைடு என்று இருந்தால் அது நீர் மாத்திரை. நீங்களாக நிறுத்தச் சொல்லவில்லை. வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்த அன்றைக்கே அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்த டாக்டரைக் கூப்பிட்டு, இதைத் தொடரலாமா, இரண்டு நாள் நிறுத்தட்டுமா என்று கேளுங்கள். நான் கேட்காத கேள்வி அது.

ஐ.சி.யூ.வில் 3 சதவீத உப்பு நீரை ஒரு சின்ன பம்பில் வைத்து ஏற்றினார்கள். வழக்கமான சலைனில் 0.9 சதவீதம்தான் உப்பு, இது மூன்று மடங்குக்கும் மேல். முதல் சில மணி நேரத்திலேயே வலிப்பு அடங்கியது. மறுநாள் காலையில் சோடியம் 118 என்றார்கள். நான் அங்கே இருந்த இளம் டாக்டரிடம் சத்தம் போட்டேன். "ஆறே ஆறுதான் ஏறியிருக்கு, இத்தனை பணம் கட்டுறோம், வேகமா ஏத்த மாட்டீங்களா?" என்று கேட்டேன். அந்தப் பையன் கோபப்படவில்லை. ஒரு நாளைக்கு எட்டு, மிஞ்சிப் போனால் பத்துக்கு மேல் ஏற விடக்கூடாது, வேகமாக ஏற்றினால் மூளைத் தண்டில் நரம்பின் உறை சிதைந்து பேச்சும் கை காலும் நிரந்தரமாகப் போய்விடலாம் என்று விளக்கினான். நான் அவசரப்படுத்தி, அவர்களும் என் வாய்க்குப் பயந்து ஏற்றியிருந்தால்? முன்பு ஒரு தடவை கிளினிக்கில் நான் கேட்டதைக் கொடுத்ததால்தானே இங்கே வந்து நிற்கிறேன். அன்று சாயங்காலம் அவனைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். மூன்றாம் நாள் 125, நான்காம் நாள் 131. அன்றைக்குத்தான் அம்மா என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

அந்த நான்கு ராத்திரியும் ஐ.சி.யூ. வாசலில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, குற்ற உணர்ச்சியில் தூக்கம் வராமல் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். 5 சதவீதம் என்றால் 100 மில்லியில் 5 கிராம். ஒரு பாட்டிலில் 25 கிராம் சர்க்கரை, ஐந்து டீஸ்பூன். அதில் கிடைப்பது சுமார் 85 கலோரி, இரண்டு சின்ன இட்லி அளவு. அம்மாவின் எடைக்குப் படுத்தே கிடந்தாலும் ஒரு நாளைக்கு 1,200 கலோரியாவது வேண்டும். அதை இந்தப் பாட்டிலால் கொடுக்க வேண்டுமானால் 14 பாட்டில், 7 லிட்டர் ஏற்ற வேண்டும். ஆள் தாங்க மாட்டார். நான் ஐந்து நாளில் ஏற்ற வைத்த பதினோரு பாட்டிலும் சேர்ந்து 935 கலோரி. ஒரு நாள் சாப்பாட்டுக்குக்கூடக் காணாது. புரதம் துளியும் இல்லை. அம்மாவை நான் ஐந்து நாள் பட்டினி போட்டிருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பதில்தான் பாட்டில் போகிறதே என்ற தைரியத்தில், "இன்னும் ஒரு வாய் வாங்கிக்கோம்மா" என்று கெஞ்சுவதையும் விட்டிருந்தேன்.

அப்படியானால் இந்தப் பாட்டில் எதற்குத்தான் இருக்கிறது என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். ஆபரேஷன் முடிந்து ஓரிரு நாள் வாயால் ஒன்றும் கொடுக்க முடியாதவர்களுக்கு ஒரு நாளைக்கு 50-லிருந்து 100 கிராம் குளுக்கோஸ் போனால், உடம்பு பட்டினியில் தன் கொழுப்பையும் தசையையும் கரைக்கிற வேகம் குறையும். அது ஒரு தற்காலிக ஏற்பாடுதான். அப்போதும் உப்பும் பொட்டாசியமும் சேர்த்து, ரத்தம் பார்த்து, அளந்துதான் கொடுப்பார்கள். சிலருக்கு ரத்தத்தில் சோடியம் கூடிப்போய்த் தண்ணீர் மட்டும் தேவைப்படும், அவர்களுக்கு இந்தப் பாட்டில்தான் மருந்து. இன்னொன்றை நானே கண்ணால் பார்த்தேன். இரண்டாம் நாள் ராத்திரி ஒரு சர்க்கரை நோயாளியைத் தூக்கி வந்தார்கள். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்துவிட்டாராம், சர்க்கரை 32. கட்டைபோலக் கிடந்தவருக்கு 25 சதவீதக் குளுக்கோஸை நரம்பில் செலுத்தினார்கள். ஐந்து நிமிஷம் இருக்கும், கண்ணைத் திறந்து, "எங்க இருக்கேன்?" என்றார். அவர் மனைவி தரையில் உட்கார்ந்து அழுதார். குளுக்கோஸ் உயிர் கொடுக்கும் என்று நம் ஜனங்கள் நம்புவதற்கு இப்படி ஒரு காட்சியைப் பார்த்ததுதான் ஆரம்பமாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அந்த நம்பிக்கை பொய் இல்லை. சர்க்கரை இறங்கிப்போனவருக்கு அது உயிர், சாப்பிட மாட்டேன் என்கிற அம்மாவுக்கு அது சாப்பாடு ஆகாது.

நிஜமாகவே நரம்பு வழியாகச் சாப்பாடு கொடுப்பது வேறு ஒரு வைத்தியம். குடல் வேலை செய்யாதவர்களுக்குப் புரதம், கொழுப்பு, சர்க்கரை, தாது எல்லாம் சேர்த்துப் பெரிய பையில் கொடுப்பார்கள். அதில் சர்க்கரை அடர்த்தி அதிகம் என்பதால் கையில் இருக்கிற சின்ன நரம்பு தாங்காது, வெந்து புண்ணாகிவிடும். கழுத்திலோ மார்பிலோ பெரிய நரம்பில் குழாய் வைத்து, தினமும் ரத்தம் பார்த்துக் கொடுக்கிறார்கள். செலவும் அதிகம், கிருமி தொற்றுகிற ஆபத்தும் அதிகம். குடல் நன்றாக இருக்கிறவருக்கு அது தேவையே இல்லை. அம்மாவுக்கு மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய் விட்டுக் கஞ்சிதான் கொடுத்தார்கள். அதையும் எடுத்த எடுப்பில் நிறையக் கொடுக்கவில்லை. முதலில் தையமின் என்கிற பி1 வைட்டமின் ஊசி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சி, கூடவே பாஸ்பேட்டும் பொட்டாசியமும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பல நாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென்று சர்க்கரையை ஏற்றினால் இந்த உப்புகள் எல்லாம் செல்லுக்குள் ஓடி ரத்தத்தில் சட்டென்று குறைந்து இதயம் வரைக்கும் பாதிக்குமாம். சாப்பிடாமலே கிடக்கிற வயசானவர்கள், நிறையக் குடிக்கிறவர்கள் வீட்டில் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் தையமின் போட்டீர்களா என்று கேட்பதில் தப்பே இல்லை.

அந்த நாற்காலியில்தான் திலீப் மகலனாபிஸ் என்ற வங்காள டாக்டரைப் பற்றிப் படித்தேன். 1971-ல் வங்கதேசப் போரில் அகதிகள் பல லட்சம் பேர் மேற்கு வங்காளத்துக்குள் வந்தபோது பன்காவ் முகாமில் காலரா. ஏற்றுவதற்குப் பாட்டில் தீர்ந்துவிட்டது. அவர் குளுக்கோஸையும் உப்பையும் தண்ணீரில் கரைத்து டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே விட்டுக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர்வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் அது நான்கு பேருக்கும் கீழே இறங்கியது. சர்க்கரைக்கு அங்கே என்ன வேலை என்றால், குடலில் சர்க்கரையும் சோடியமும் கைகோத்துத்தான் உள்ளே போகும், அவை போகிற வழியில் தண்ணீரும் கூடவே போகும். சர்க்கரையை எங்கே எதற்காகச் சேர்க்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இதேபோல உப்பும் குளுக்கோஸும் கலந்த பொடிதான் ஓ.ஆர்.எஸ்., நான் அம்மாவுக்கு அதை நாலு பாக்கெட் கரைத்துக் கொடுத்திருந்தால் எண்பது, தொண்ணூறு ரூபாய் ஆகியிருக்கும். சனிக்கிழமை அம்மாவால் குடிக்க முடிந்தது. பார்லித் தண்ணி குடித்தாரே, இதைக் குடித்திருக்க மாட்டாரா?

ஓ.ஆர்.எஸ். வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். ஒரு லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9 என்று இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவு அதுதான். பழச்சாறு டப்பாவில் விற்கிற இனிப்புத் தண்ணீர் எல்லாம் அந்த வேலையைச் செய்யாது. ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் ஒரு லிட்டரில் முழுசாகக் கரைக்க வேண்டும், டம்ளரில் கொஞ்சம் தூவிக் குடிக்கக் கூடாது. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு மறுபடி ஒவ்வொரு ஸ்பூனாக. கொடுத்ததெல்லாம் வெளியே வந்துகொண்டே இருந்தால், சிறுநீர் இறங்கவில்லை என்றால், ஆள் துவண்டுபோனால் ஆஸ்பத்திரிக்குப் போய் நரம்பு வழியாகத்தான் ஏற்ற வேண்டும், அதில் தயங்காதீர்கள். அம்மாவுக்கு முதல் நாள் ஏற்றியதைத் தப்பு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். இதயமோ சிறுநீரகமோ பழுதானவர்களுக்கு எதையும் டாக்டரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். அவர்களுக்குத் தண்ணீரும் உப்பும் கூடினாலும் ஆபத்து.

பாட்டில் மாட்டுகிறார்கள் என்றால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்.எஸ். என்றால் உப்பு நீர், ஆர்.எல். என்றால் உப்போடு பொட்டாசியமும் மற்றதும் சேர்ந்தது, டி.என்.எஸ். குளுக்கோஸும் உப்பும், 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்று மட்டும் இருந்தால் அதில் உப்பே கிடையாது. எதற்காக இது, எத்தனை மணி நேரத்தில் இறங்க வேண்டும், எப்போது ரத்தம் பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். இரண்டாவது நாளும் ஏற்ற வேண்டியிருந்தால் சோடியம், பொட்டாசியம் பார்க்காமல் ஏற்ற விடாதீர்கள். சீட்டில் எழுதி வாங்குங்கள். வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால் மாட்டுவதற்கு முன்னாலேயே அதைச் சொல்லிவிடுங்கள். ஊசி குத்திய இடம் சிவந்து, கயிறு மாதிரித் தடித்து வலித்தால் உடனே எடுக்கச் சொல்லுங்கள். அம்மாவின் இடது கை முழங்கை வரைக்கும் வீங்கி, அது வற்றுவதற்கு மூன்று வாரம் ஆனது.

செலவையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் கிளினிக்குக்கும் வீட்டில் ஏற்றியதற்கும் 4,700. வண்டிக்கு 4,000. மதுரையில் நான்கு நாள் ஐ.சி.யூ., ஐந்து நாள் வார்டு, மருந்து, டெஸ்ட் எல்லாம் சேர்த்து 1,68,000. ஆறு பவுன் சங்கிலியை அடகு வைத்தேன், மீட்க எட்டு மாதம் ஆனது. 23 நாள் லீவில் 11 நாளுக்குச் சம்பளம் இல்லை. அந்தக் கிளினிக்குக்குப் போய்ச் சண்டை போட வேண்டும் என்று தம்பி போனில் குதித்தான். நான் போனேன். சண்டை போடவில்லை, ரிப்போர்ட்டை மேசைமேல் வைத்து, "112 டாக்டர்" என்றேன். அவர் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, "எல்லாரும் வந்து பாட்டில் போடுங்கன்னுதாம்மா கேக்குறாங்க, போடலைன்னா அடுத்த கிளினிக்குக்குப் போயிடுறாங்க" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. கேட்டவர்களில் நானும் ஒருத்தி. ஆனாலும், அவர் படித்தவர், நான் கேட்டாலும் மாட்டேன் என்று அவர்தானே சொல்லியிருக்க வேண்டும்? இரண்டு நினைப்பும் எனக்கு மாறி மாறி வருகின்றன.

அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். பி.பி. மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். போன மாதம் பார்த்தபோது சோடியம் 137. வலிப்பு வந்த நாளும் அதற்கு முந்தைய இரண்டு நாளும் அவருக்கு ஞாபகமே இல்லை. தை மாதம் மறுபடி ஒரு நாள் வயிற்றால் போனது. நான் கோயம்புத்தூரிலிருந்து போனில் சொல்லச் சொல்ல, சித்தி ஒரு லிட்டர் தண்ணீரில் பாக்கெட்டைக் கரைத்து எவர்சில்வர் ஜக்கில் வைத்து, மணிக்கொரு தடவை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். மத்தியானம் மோர் விட்டுக் குழைந்த சோறு, உப்புப் போட்டு. பக்கத்துத் தெருவிலிருந்து பார்க்க வந்த ஒருவர், "ஒரு பாட்டில் ஏத்திட்டா சட்டுன்னு தெம்பாயிரும்ல?" என்று கேட்டாராம். "என் மக படம் புடிச்சு வச்சிருக்கா, பதினோரு பாட்டில், வந்தா காட்டச் சொல்றேன்" என்றாராம் அம்மா.